தோட்டத்து மர பெஞ்சுகளும் பெயின்ட்டும்

(நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் பேசியது. அன்று ஊருக்குப் போயிருந்தவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசும்போது விட்டுப்போன சில விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



உங்களில் பலருக்கு என்னை மெயின்டனன்ஸ் பாக்கியை வாட்ஸ்அப்பில் நினைவூட்டுகிறவனாகத்தான் தெரியும். பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். மரத்தைப் பற்றியும் பெயின்ட்டைப் பற்றியும் பேச இவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். எனக்குள்ள ஒரே தகுதி, இந்த விஷயத்தில் சங்கத்துப் பணம் இரண்டு தடவை வீணானபோது, இரண்டு பில்லிலும் பொருளாளராகக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதுதான்.

கார்த்திகை மாதம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நம் பி பிளாக் அம்மா ஒருவர் சாயங்கால நடை முடிந்து பிள்ளையார் கோயில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். முன்கால் ஒன்று மடங்கிப் பெஞ்சு சாய்ந்தது. கையை ஊன்றியதில் மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. மறுநாள் பார்க்கப் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. "பெஞ்சு புதுசு மாதிரிதானே சார் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. கீழே போய் உடைந்த காலை எடுத்துப் பார்த்தேன். வெளியே சாக்லேட் நிறப் பெயின்ட், ஒரு கீறல் இல்லை. உள்ளே டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. அந்தப் பெயின்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஆறு பெஞ்சுகளும் வெளுத்துப்போய் நரைத்துக் கிடந்தன. மரத்தின் ரேகை தெரிய வேண்டும், அதுதான் அழகு என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். நானும் கை தூக்கினேன். ஒருவரை அழைத்துப் பளபளவென்று நிறமில்லாத வார்னிஷ் அடித்தோம். திறப்பு விழா மாதிரி போட்டோகூட எடுத்தோம். அடுத்த கத்திரி முடிவதற்குள் வெடித்தது. ஐப்பசி மழையில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. பிறகு, உரிந்ததைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு அதன் மேலேயே எனாமல் அடித்தோம். அது இரண்டாவது பில்.

வங்கியில் இருந்தவர்களுக்கு இது புரியும். வாராக் கடனை மறைக்க, அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுத்துப் பழைய கணக்கை நேராக்குவார்கள். பேரேட்டில் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். நாங்கள் பெஞ்சுக்குச் செய்தது அதுதான்.

அதற்குப் பிறகுதான் நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். பழைய பெயின்டர் ஒருவர், தச்சர் ஒருவர், கொஞ்சம் புத்தகம், கொஞ்சம் இணையம். இப்போது சொல்லப்போவதில் பாதி அவர்கள் சொன்னது. மீதி, என் பால்கனி முக்காலியில் நானே செய்து பார்த்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெளியில் கிடக்கும் மரத்துக்கு வெயில் ஒரு எதிரி, தண்ணீர் வேறொரு எதிரி. இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு.

மரம் என்பது மெல்லிய நார்களும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் லிக்னின் என்ற பசையும். வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பசையை உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, வெளுத்த நார் மட்டும் மேலே நிற்கிறது. நரை என்று நாம் பார்ப்பது அதைத்தான். ஆனால் இது மேல்தோலோடு நின்றுவிடும் சமாச்சாரம். அமெரிக்காவில் மேடிசன் நகரில் 1910-லிருந்து மரங்களுக்கென்றே ஓர் அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது. பலகைகளை வருடக்கணக்கில் வெட்டவெளியில் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பைன் மாதிரி மென்மரமே, ஒன்றும் பூசாமல் நின்றால், நூறு வருடத்தில் தேய்வது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தானாம். அது அவர்கள் ஊர் வெயில்; நம் வெயிலுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் நம் ஆயுளில் வெயில் ஒரு பெஞ்சைத் தின்று தீர்க்கப் போவதில்லை. லண்டன் பூங்காக்களில் தேக்கு பெஞ்சுகளை எதுவும் பூசாமலே நரைக்க விட்டுவிடுகிறார்கள். அவை பல்லாண்டுகள் நிற்கின்றன. மூன்று வருடத்துக்கு முன் நம் பெஞ்சுகளை அப்படியே விட்டிருந்தால்கூட இன்றைக்கு இதைவிட நன்றாக இருந்திருக்கும். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

மரத்தைக் கொல்வது தண்ணீர். சரியாகச் சொன்னால், தண்ணீரை நம்பி வளரும் பூஞ்சை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. நனைந்த மரம் அன்றைக்கே காய்ந்துவிட்டால் பயமில்லை. நனைந்து, காய வழியில்லாமல் இருந்தால்தான் மக்கும். இப்போது நம் பெஞ்சை நினைத்துப் பாருங்கள். கால் நிற்பது புல்தரையில். தோட்டக்காரத் தம்பி தினமும் காலையில் ட்யூப் பிடித்துத் தண்ணீர் விடுகிறார். நம் ஊரில் மழை பெய்வது வருடத்தில் கொஞ்ச நாள். பெஞ்சுக் கால்களுக்கு மட்டும் முந்நூறு நாளும் மழைதான். அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லாதது நம் தவறு.

அடுத்தது, மரம் தண்ணீரை எந்த வழியாகக் குடிக்கிறது என்பது. பலகையின் பரந்த முகத்தின் வழியாக மெதுவாகத்தான் போகும். அறுத்த முனை இருக்கிறதே, அதுதான் வாய். ஒரு கத்தை ஸ்ட்ராவைக் குறுக்கே வெட்டி வைத்தது மாதிரி. பெஞ்சுக் காலின் அடிப்பாகம் முழுக்க அப்படிப்பட்ட முனைதான். கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்: எந்தப் பெயின்டரும் அங்கே தூரிகையைக் கொண்டு போயிருக்க மாட்டார். நம் பெஞ்சில் நாலு பக்கமும் எனாமல். அடியில் பச்சை மரம். அடிவழியே ஏறிய தண்ணீர் நாலு பக்கமும் வெளியேற முடியாமல் உள்ளேயே நின்றது. பெயின்ட் அடித்ததால்தான் அந்தக் கால் மக்கியது என்று சொன்னாலும் தப்பில்லை.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்து வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய திண்ணை வீடுகளைப் பாருங்கள். மரத்தூணை மண்ணில் நட்டிருக்க மாட்டார்கள். அடியில் ஒரு கல் பாதம் இருக்கும். தூணுக்கு அழகு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முனை ஈரத்தைத் தொடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

தேர்களையும் நினைத்துக்கொள்ளலாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர், தைத் தேர், பங்குனியில் கோரதம். இந்தப் பக்கம் சமயபுரத்தில் சித்திரைத் தேர். விழா முடிந்ததும் தகரம் அடித்தோ கூரை போட்டோ தேரை மூடி வைப்பது நம் கோயில்களில் நெடுநாள் வழக்கம். வருடத்தில் வெயிலில் ஓடுவது ஓரிரு நாள். மற்ற நாளெல்லாம் நிழல். இதைவிட நல்ல பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்காது. நம் பெஞ்சுகளில் மூன்றை வேப்பமரத்தடிக்கு நகர்த்தினால் பாதி வேலை முடிந்தது. பறவை எச்சம் விழும் என்று ஏ பிளாக்கில் ஒருவர் சொன்னார். விழும். துடைத்துக்கொள்ளலாம்.

இனி, அந்த வார்னிஷ் ஏன் உரிந்தது? நிறமில்லாத பூச்சு, கண்ணாடி ஜன்னல் மாதிரி. தண்ணீரைக் கொஞ்ச நாள் தடுக்கும், வெயிலை உள்ளே விட்டுவிடும். படலத்துக்கு அடியில் மரத்தின் மேல்தோல் பசையை இழந்து தூளாகிறது. படலம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உரிந்த வார்னிஷைத் திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் வெள்ளையாக நார் ஒட்டியிருக்கும், நான் பார்த்தேன். இதோடு இன்னொன்று: மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். இறுகிப்போன படலம் அதோடு சேர்ந்து அசையாது, வெடிக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து கலந்த வெளிப்புற வார்னிஷ்களும் இருக்கின்றன. அவை கூடுதல் காலம் தாங்கும், ஆனால் கடைசியில் கதை இதுதான். பூச்சில் நிறமி இருந்தால், அது குடை. அதனால் வெயிலில் கிடக்கும் மரத்துக்கு நிறமுள்ள பூச்சுதான். ரேகை முழுக்கத் தெரிய வேண்டும் என்ற ஆசையை வீட்டுக்குள் இருக்கும் டைனிங் டேபிளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது வேலைக்கு வருவோம். பெயின்ட் கடையில் எந்தக் கம்பெனி என்று கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி, எப்போது அடிப்பது என்பது.

நம் மண்ணச்சநல்லூருக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் பனி. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். மேல்பக்கம் சீக்கிரம் ஆடை கட்டிவிடும், உள்ளே காயாது, பிறகு சுருக்கம் விழும். ஆடியில் காற்றும் மண்ணும். மிச்சம் இருப்பது தை கடைசியிலிருந்து பங்குனி வரை. மழை நின்று மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் காலமும் அதுதான். பனி உலர்ந்த பிறகு, காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். மாலையில் அடித்த எனாமலில் இரவுப் பனி இறங்கினால் பளபளப்பு செத்துவிடும். பலகையில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால், அங்கே பெயின்ட் அடிக்கும் நேரம் அதுவல்ல.

இன்னொன்று எல்லா ஊருக்கும் பொருந்தாது, நமக்குப் பொருந்தும். அரிசி ஆலை ஊரில் குடியிருக்கிறோம். உமிச் சாம்பல் காற்றில் வந்து மாடியில் காயும் துணியில் படிவது எல்லோருக்கும் தெரியும். ஈரப் பெயின்ட்டில் அது படிந்தால் எள் தூவின சீடை மாதிரி ஆகிவிடும். என் முக்காலியில் ஆனது. அதனால் பெஞ்சுகளைக் கீழே பார்க்கிங்கில், தண்ணீர் தெளித்துத் தரையைப் பெருக்கிக் காயவிட்ட பிறகு, ஒரு ஓரமாக வைத்துச் செய்வதுதான் நல்லது. வண்டிகளை இரண்டு நாள் தள்ளி நிறுத்த வேண்டியிருக்கும். சிகரெட், தீப்பெட்டி, பூஜை விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்; தின்னர் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

பழைய பூச்சை எடுப்பதுதான் பெரிய வேலை. பெயின்டர் தம்பி ஒருவர் என்னிடம், "சார், பெயின்ட் மரத்துல ஒட்டாது சார், அடியில என்ன இருக்கோ அதுலதான் ஒட்டும்" என்றார். அடியில் இருப்பது உரிகிற வார்னிஷ் என்றால், மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அதுவும் சேர்ந்து உரியும். சுரண்டி எடுத்து, 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120-க்குப் போய், ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். நரைத்த பகுதி போய் மரத்தின் சொந்த நிறம் தெரியும்வரை. நரை மீதே அடித்தால், தூளாகிப் போன தோல் மீது அடிக்கிறோம் என்று அர்த்தம். தேய்த்து முடித்த மரத்தை வெயிலில் போட்டுவிட்டுப் பெயின்டர் அடுத்த மாதம் வருவார் என்று காத்திருக்கவும் கூடாது. நான் சொன்ன மேடிசன் ஆய்வுக்கூடத்தில், சில வாரம் வெயிலில் கிடந்த புது மரத்திலேயே பெயின்ட்டின் பிடிப்பு குறைந்துவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். தேய்த்த மறுநாள் பிரைமர்.

இந்தத் தேய்ப்பு வேலையில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம்மில் பலர் சொந்த ஊர் வீட்டை விற்றுவிட்டு வரும்போது பாட்டி காலத்து ஊஞ்சல் பலகை, மரப்பெட்டி, முக்காலி என்று ஏதாவது கொண்டு வந்திருக்கிறோம். பால்கனியில் கிடக்கும். அதில் உள்ள பழைய மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது 2016-ல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதற்கு முன்னால் அடித்ததை நம்ப முடியாது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே அவற்றை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. அடியில் பழைய பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். சூடு காட்டி உரிப்பது அதைவிட மோசம்.

அடுத்தது கால். என் மொத்தப் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, காலின் அடியை நன்றாகக் காயவிட்டு, தின்னர் கலந்து இளக்கிய பிரைமரை அது குடிக்கும்வரை ஊட்ட வேண்டும். நான் முக்காலிக்குக் கொட்டாங்குச்சிகளில் பிரைமரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு காலை இறக்கி ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தேன். வீட்டில் சிரித்தார்கள். காலையில் பார்த்தால் கொட்டாங்குச்சியில் பாதிதான் மிச்சம். மீதி மரம் குடித்தது. பெஞ்சுக்கு ஐஸ்கிரீம் டப்பா மூடி சரியாக இருக்கும். காய்ந்த பிறகு இன்னும் இரண்டு கை. பிறகு புல்லில் நேராக வைக்காமல், கடைகளில் வீணாகக் கிடக்கும் கிரானைட் துண்டு ஒன்றைக் காலுக்குக் கீழே கொடுத்தால் திண்ணைத் தூண் கணக்குத்தான். பலகைகளின் முனைகளுக்கும், ஆணித் துளைகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

எந்தப் பூச்சு என்பதற்கு வருகிறேன். உட்காரும் பலகைக்கு ஒன்று, கால்களுக்கு ஒன்று என்று நான் பிரித்துச் சொல்வேன். பெயின்டர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள், இரண்டு டப்பா, இரண்டு தூரிகை என்று.

பலகைக்கு, மரத்துக்குள் ஊறிப்போகும் வகை, நிறமி கலந்த வெளிப்புற வுட் ஸ்டெயின். மேலே படலமாக நிற்காததால் உரிய வழியே இல்லை. மெதுவாக வெளுக்கும், அவ்வளவுதான். ரேகையும் ஓரளவு தெரியும். ஆனால் வருடம் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்ததும், கழுவிக் காயவைத்து லேசாகத் தேய்த்து ஒரு கை பூச வேண்டும். ஒரு பெஞ்சுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுரண்டும் வேலை கிடையாது. பூசிப் பத்து, பதினைந்து நிமிடத்தில், குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசுபிசுப்பாக நின்று புடவையில் ஒட்டும்.

கால்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் வுட் பிரைமர் இரண்டு கை, எனாமல் இரண்டு கை. விரிசலுக்கு மக்கு பிரைமருக்குப் பிறகுதான், முன்னால் அல்ல. கைக்குக் கை ஒரு ராத்திரி இடைவெளி. நடுவில் 180 நம்பர் தாளால் லேசாக ஒரு தடவு. எனாமல் மறுநாள் தொட்டால் ஒட்டாது, உட்கார்ந்தால் ஒட்டும். ஒரு வாரம் விட வேண்டும். ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டருக்கு ஒரு கை வரும், அதை வைத்துக் கணக்குப் போடலாம். சாக்லேட், கறுப்பு மாதிரி அடர்ந்த நிறம் வேண்டாம். வெயிலில் கொதிக்கும், பூச்சும் சீக்கிரம் வெடிக்கும்.

தேக்காக இருந்தால் ஒரு விஷயம்: அதன் உடம்பிலேயே எண்ணெய் இருக்கிறது. பிரைமருக்கு முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். ரப்பர் மரம், பேக்கிங் பெட்டிப் பைன் இரண்டையும் என்ன பூசினாலும் வெளியில் போடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் எண்ணெயைத் தடவலாமா என்று கேட்டார்கள். தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மரத்தில் காயவே காயாது. தூசியைப் பிடித்துக் கறுக்கும், சிக்குப் பிடிக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பழைய காலத்தில் கட்டுமரத்துக்கும் கூரைச் சட்டத்துக்கும் பூசியது. நல்ல காப்புத்தான், ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கும். மனிதர் உட்காரும் இடத்துக்கு அது ஆகாது. காற்றுப் பட்டு இறுகுவது ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்பார்கள். பல வுட் ஸ்டெயின்களில் இருப்பதும் இந்த வகை எண்ணெய்தான்.

இதில்தான் நான் உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. இந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், தீக்குச்சி இல்லாமலே தானாகத் தீப்பிடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு வெளிவரும். விரித்த துணியில் அந்தச் சூடு பறந்துவிடும், பந்தாகச் சுருட்டிய துணியில் உள்ளேயே ஏறிக்கொண்டே போகும். 1991 பிப்ரவரி 23, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம். 22-வது மாடியில் மர வேலை செய்தவர்கள் லின்சீட் ஆயில் துணிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சனிக்கிழமை, ஆளில்லாத நேரம். அதிலிருந்து பிடித்த தீ 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி இருந்த 30-வது மாடிக்கு வந்துதான் தீ நின்றது. அந்தக் கட்டடத்தைக் கடைசியில் இடித்தே விட்டார்கள்.

நம் பார்க்கிங்கில் எத்தனை பெட்ரோல் வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்ததும் துணிகளைச் சுருட்டாமல், வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துப் போட வேண்டும். விறைப்பாகக் காய்ந்த பிறகுதான் குப்பைக்கு. அதற்கு நேரமில்லை என்றால், தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடி போட்டு வெளியே வைக்க வேண்டும். பெயின்டரிடம் இதை நேரில் நின்று சொல்ல வேண்டியது யார் என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான் நிற்கிறேன்.

மரமே வேண்டாம், சிமென்ட் பெஞ்சு போட்டுவிடலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. செலவுக் கணக்கில் அவர் சொல்வது சரி. எனக்கே அந்தச் சபலம் உண்டு. ஆனால் பங்குனிக்குப் பிறகு சாயங்காலம் ஏழு மணிவரை சிமென்ட் பெஞ்சில் உட்கார முடியாது. அந்த நேரத்தில்தான் நம் பெரியவர்கள் கீழே இறங்குகிறார்கள். அவர்கள் இறங்காமல் போய்விட்டால் தோட்டம் எதற்கு?

கடைசியாக, பணம். பெஞ்சுக்கு என்று தனியாக ஒரு சிறு தொகையை வருடா வருடம் ஒதுக்கி வைக்கலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒரு பெரிய பில் வருவதைவிட, வருடம் ஒரு சின்ன பில் தணிக்கைக்கும் எளிது.

பரிசோதனைக்கு நம் ஊர்ச் சாமான் ஒன்றையே எடுத்திருக்கிறேன். அரிசி வியாபாரி மூட்டையின் மேல் அச்சடித்த பெயரை நம்ப மாட்டார். குத்தூசியைச் செருகி உள்ளே இருக்கும் அரிசியை எடுத்துப் பார்ப்பார். மண்டியில் வேலை பார்த்த நண்பரிடம் பழைய குத்தூசி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். காலின் அடியிலிருந்து ஒரு சாண் உயரம்வரை, மூட்டுகளில், பலகை முனைகளில் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் ஊசியைத் தள்ளும். மக்கிய மரம் உள்ளே வா என்று வாங்கிக்கொள்ளும். மீதி ஐந்து பெஞ்சையும் குத்திப் பார்த்தேன். இரண்டில் ஊசி இறங்கியது. அவற்றை அன்றைக்கே எடுத்துப் பம்ப் ரூம் பக்கம் கவிழ்த்துப் போட்டாயிற்று, தச்சர் வந்து கால் மாற்றும்வரை யாரும் எடுத்துப் போட வேண்டாம். மூன்று நன்றாக இருக்கின்றன; அடியில் சாக்பீஸால் டிக் போட்டிருக்கிறேன்.

தை கடைசி ஞாயிறு காலை எட்டரை மணிக்குத் தேய்ப்பு வேலை ஆரம்பம். உப்புத்தாள் சங்கம் கொடுக்கும், முகக்கவசம் நீங்கள் கொண்டு வாருங்கள். பால்கனி முக்காலி, ஊஞ்சல் பலகை வைத்திருப்பவர்களும் கொண்டு வரலாம். 2017-க்கு முந்தைய பெயின்ட் உள்ளவை தனி இடத்தில், தண்ணீர் தொட்டு.

கூட்டம் முடிந்து இறங்கும்போது பி பிளாக் அம்மா படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். மாவுக்கட்டு பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. "எந்தப் பெஞ்சுல சார் உட்காரலாம்?" என்றார். வேப்பமரத்தடிப் பெஞ்சைக் காட்டினேன். கிட்டே போய், குனிந்து டிக் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு காலை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.